நைரோபியிலிருந்து மூன்று நாள்: மாராவா, சாவோவா?

கூடலூர்க்காரி · ஜனவரி 18

வணக்கம். இங்கே எழுதுவது இதுதான் முதல் தடவை. நாங்கள் நைரோபி வந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்காரருக்கு இங்கே வேலை. எனக்கு டிபெண்டன்ட் பாஸ், அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது. ஊரில் பதினோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுத்தவள். இங்கே மூன்றாவது மாடி பால்கனியில் நின்று, கேட்டுக்குள் எத்தனை வண்டி வந்தது, எத்தனை போனது என்று எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி நடுவில் அவருக்கு மூன்று நாள் லீவு கிடைக்கும். கல்யாணமாகி ஆறு வருஷம், நாங்கள் இரண்டு பேர் மட்டும் எங்கேயும் போனது கிடையாது. போன ஊரிலெல்லாம் ஒரு கல்யாணமோ காதுகுத்தோ இருக்கும். அவருக்குச் சிங்கம் பார்க்க வேண்டும். எனக்கு எங்கேயாவது ஓர் இடத்தில் அசையாமல் உட்கார வேண்டும். இரண்டும் நடக்கிற இடம் எது? எல்லோரும் மசாய் மாரா சரணாலயம் என்கிறார்கள். சாவோ தேசியப் பூங்கா என்று ஒருவர் சொன்னார். அம்மாவிடம் போனில் சொன்னேன், பேரைக் கேட்டதும் அவர் பயந்துவிட்டார்.

எங்களிடம் சின்ன கார்தான், ஃபோர் வீல் டிரைவ் இல்லை. நான் சைவம். என்னுடைய அடையாள அட்டை இன்னும் கைக்கு வரவில்லை, ரசீதுதான் இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வழிப்போக்கன் · ஜனவரி 18

வாங்க சகோதரி. நான் நைரோபியில ஒன்பது வருஷமா இருக்கேன். முதல்ல அட்டை விஷயம். கென்யாவில பூங்கா நுழைவுக் கட்டணம் ஆளைப் பொறுத்து மாறும். கிழக்கு ஆப்பிரிக்கக் குடிமக்களுக்கு ஒண்ணு, இங்கே குடியிருக்கிற வெளிநாட்டவருக்கு ஒண்ணு, சுற்றுலா வர்றவங்களுக்கு ஒண்ணு. அட்டை கையில இல்லைன்னா உங்களைச் சுற்றுலாப் பயணி கணக்கில சேர்த்துடலாம். மாராவில அது ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு 100 டாலர், ஜூலைலேர்ந்து 200. ரசீதும் பாஸ் ஒட்டின பாஸ்போர்ட்டும் போதுமான்னு போறதுக்கு முன்னாடியே கேட்டு, பதிலை எழுத்துல வாங்கிக்கங்க. தேசியப் பூங்காக்கள்ல கேட்ல காசு வாங்க மாட்டாங்க. அரசோட இ-சிட்டிசன் இணையதளத்துல, எம்-பெசா (போன் வழியா பணம் கட்டறது) மாதிரி ஏதாவது ஒரு வழியில கட்டணும்.

அடுத்து, மாராவுக்குப் போக அஞ்சாறு மணி நேரம், வர அஞ்சாறு மணி நேரம். மூணு நாள்ல ரெண்டு நாள் ரோட்டுல போயிடும். ஊர் முழுக்கப் பேசற அந்த வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கிற மான் இனம்) கூட்டம் ஜூலைலேர்ந்து அக்டோபர் வரைக்கும்தான் மாரா பக்கம் இருக்கும். பிப்ரவரியில அதுங்க தான்சானியாவில, செரெங்கெட்டிக்குத் தெற்கே கன்னு போட்டுக்கிட்டு இருக்கும். சிங்கம் மட்டும் மாராவில வருஷம் பூரா உண்டு, அதை மறுக்க மாட்டேன்.

சின்ன காரை எந்தக் காட்டுக்குள்ளயும் கொண்டு போகாதீங்க. டிரைவரோட கூரை திறக்கிற லேண்ட் க்ரூசரா வாடகைக்கு எடுங்க.

செங்காந்தள் · ஜனவரி 19

நான் மாரா கட்சி. தார் எஸ் ஸலாமில் ஆறு வருஷம், அதற்கு முன் நைரோபியில் இரண்டு வருஷம் இருந்தோம். நாங்களும் ஒரு முறை சாவோ போனோம். மழை முடிந்து புதர் எல்லாம் ஆள் உயரம். இரண்டு நாளும் செடியைத்தான் பார்த்தோம், பெரிய விலங்கென்று கண்ணில் பட்டவை நாலே நாலு வரிக்குதிரை. சாவோ கிழக்கும் மேற்கும் சேர்ந்து 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். மாரா சரணாலயம் 1,510 தான். சின்ன இடம், நல்ல புல்வெளி, விலங்கு மறைய வழியில்லை. முதல் முறை போகிறவர்கள், அதுவும் எட்டு மாதம் வீட்டுக்குள் இருந்துவிட்டுப் போகிற பெண், ஏமாந்து திரும்பக் கூடாது என்பதுதான் என் கவலை. சிங்கத்தை நேருக்கு நேர் பார்க்கும்போது உடம்பு சிலிர்க்குமே, அதை அந்தப் பிள்ளைக்கு இல்லாமல் செய்துவிடாதீர்கள்.

பூநகரியான் · ஜனவரி 19

நான் லண்டனில இருக்கிறன். மனுசியும் நானும் போன வருசம் ஓகஸ்ட்டில மாரா போனனாங்கள். ஒரு சிறுத்தைப் புலி குட்டியளோட படுத்திருந்தது. டிரைவர்மார் ரேடியோவில ஆளுக்காள் சொல்லி, பத்து நிமிசத்தில இருபதுக்கு மேல வாகனம் சுத்தி நிண்டுட்டுது. அது எழும்பி நடந்தால் வாகனமும் பின்னால போகுது. குட்டியள் தாயைத் தேடிக் கத்தினது இன்னும் காதுக்குள்ள நிக்குது. மனுசி "போதும், திரும்புவம்" எண்டு அழுதிட்டா. நாங்களும் அந்த இருபதுக்குள்ள ஒண்டுதானே.

பெப்ரவரியில இவ்வளவு சனம் வராது, உண்மைதான். ஆனா நீங்கள் அமைதியா இருக்கத்தானே போறியள்? ரேடியோவுக்குப் பின்னால கலைச்சுக்கொண்டு திரியாத டிரைவரா பாருங்கோ. எந்தக் காட்டுக்குப் போறியள் எண்டதைவிட அது முக்கியம்.

கடலோடி · ஜனவரி 19

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். நான் மொம்பாசாவுல கடை வச்சிருக்கேன், சொந்த ஊரு கீழக்கரை. எங்க ஊருல கடல் தாண்டிப் போயி சம்பாதிக்கிற ஆளைச் சபராளின்னு சொல்லுவோம். அந்த சபரும் இங்கத்த சபாரியும் ஒரே அரபுச் சொல்லுதான். சுவாஹிலியில சபாரின்னா பயணம், அவ்வளவுதான். நான் மொம்பாசாவுலேர்ந்து நைரோபிக்குச் சரக்கு எடுக்கப் போனாலும் அதுக்குப் பேரு சபாரிதான்.

தங்கச்சிக்கு ஒரு வழி சொல்றேன். காரும் வேணாம், ரோட்டுல அலையவும் வேணாம். நைரோபி மொம்பாசா ரயிலு 2017லேர்ந்து ஓடுது. அதுல எக்ஸ்பிரஸ் இல்லாம, வழியில நின்னு போற காலை வண்டியைப் பிடிச்சா மதியம் வாக்குல வோய்ல எறங்கிடலாம். வோய் ஊரை ஒட்டித்தான் சாவோ கிழக்கு கேட்டு. வண்டியும் டிரைவரும் வோய்லயே கிடைக்கும். சைவத்துக்குக் கவலை வேணாம். குஜராத்தி ஜனங்க இங்க தலைமுறை தலைமுறையா இருக்காங்க, எந்த லாட்ஜுலயும் பருப்பும் சப்பாத்தியும் உண்டு. சிங்கம் அல்லாஹ் நாடினா கிடைக்கும். ஆனையைப் பொறுத்தவரை சாவோவை அடிச்சுக்க இந்த நாட்டுல இடமில்லை. 2021 கணக்கெடுப்புல நாடு முழுக்க 36,280 ஆனை, அதுல கிட்டத்தட்ட 15,000 சாவோ பக்கம் மட்டும்.

ஆனைமலை · ஜனவரி 20

நான் ஆப்பிரிக்காவில் குடியிருந்தவன் இல்லை. வால்பாறையில் இருபது வருஷமாக யானை பார்த்து வருகிறேன், சாவோவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். செங்காந்தள் சொன்ன புதர் பிரச்சினை உண்மை, ஆனால் அது மழைக்குப் பிறகு. பிப்ரவரி வறண்ட மாதம். சின்ன மழை டிசம்பரோடு முடிந்துவிடும், பெரிய மழை மார்ச் கடைசியில்தான். அதனால் விலங்கைத் தேடி நீங்கள் போக வேண்டாம், அது தண்ணீரைத் தேடி வரும். ஒரு நீர்நிலையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள். முடான்டா பாறை என்று ஒன்று உண்டு, ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் நீளம். வண்டியை விட்டு இறங்கி மேலே ஏற அனுமதி இருக்கிற சில இடங்களில் அதுவும் ஒன்று. கீழே மழைநீர் தேங்கும் பள்ளம் இருக்கிறது. அங்கே காலையில் மூன்று மணி நேரம் இருங்கள்.

கூடலூர்க்காரி என்ற பேரைப் பார்த்ததும் உங்களுக்கு யானை தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அங்கே போனால் கவனியுங்கள்: நம் ஊரில் களிறுக்குத்தான் கொம்பு. அங்கே பெரும்பாலும் பிடிக்கும், அதாவது பெண் யானைக்கும், கொம்பு உண்டு. தும்பிக்கை நுனியில் நம் யானைக்கு ஒரு விரல், அதற்கு இரண்டு.

கூடலூர்க்காரி · ஜனவரி 22

எல்லோருக்கும் நன்றி. ரயில் டிக்கெட் போட்டுவிட்டோம். ரசீதும் பாஸும் போதும் என்று பதில் மெயில் வந்துவிட்டது. இப்போது வேறு பிரச்சினை. அவர் இரண்டு நாளாக ஆட்கொல்லிச் சிங்கங்களைப் பற்றிப் படித்துவிட்டு, "135 பேரைத் தின்ற ஊருக்கு உன்னைக் கூட்டிப் போறேன்" என்கிறார். அது உண்மையா?

வழிப்போக்கன் · ஜனவரி 22

நடந்தது உண்மை, எண்ணிக்கையிலதான் சந்தேகம். 1898, மார்ச்லேர்ந்து டிசம்பர் வரைக்கும். மொம்பாசாவிலேர்ந்து விக்டோரியா ஏரிக்கு ஆங்கிலேயர் ரயில் பாதை போட்ட காலம். சாவோ ஆத்துப் பாலம் கட்டற முகாம்ல ரெண்டு ஆண் சிங்கம், ரெண்டுக்கும் பிடரி மயிர் கிடையாது, ராத்திரி கூடாரத்துக்குள்ள புகுந்து ஆளை இழுத்துக்கிட்டுப் போச்சு. பாலத்துக்குப் பொறுப்பா இருந்த பேட்டர்சன் கடைசியில ரெண்டையும் சுட்டார். 135ங்கிறது அவர் பின்னாடி சொன்ன கணக்கு. அந்தத் தோல்களை 1924ல சிகாகோ ஃபீல்டு மியூசியம் வாங்கினது, இன்னும் அங்கேதான் பாடம் பண்ணி நிக்குது. அதோட எலும்பையும் முடியையும் சோதிச்சு 2009ல வந்த ஆய்வு, தின்னது சுமார் 35 பேரா இருக்கலாம்னு சொல்லுது.

உங்க வீட்டுக்காரர்கிட்ட இன்னொரு கணக்கும் சொல்லுங்க. அந்த ரயில் பாதைக்கு இந்தியாவிலேர்ந்து கொண்டு வந்த கூலியாட்கள் சுமார் 32,000 பேர், பெரும்பாலும் பஞ்சாப் பக்கத்து ஜனங்க. காய்ச்சல்லயும் விபத்துலயும் செத்தவங்க கிட்டத்தட்ட 2,500. சிங்கத்தோட பேர் நிலைச்சுடுச்சு, அந்த ஆட்கள் பேர் பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவை அந்தப் பாலத்தைத் தாண்டும்போதும் எனக்கு இது மனசுல வரும்.

கூடலூர்க்காரி · பிப்ரவரி 20

போய் வந்துவிட்டோம். திரும்பி மூன்று நாள் ஆகியும் எழுத வரவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நைரோபி ஸ்டேஷனில் எல்லாப் பெட்டிகளையும் வரிசையாகத் தரையில் வைக்கச் சொல்லி நாயை விட்டு மோப்பம் பிடிக்க வைக்கிறார்கள். புளிச்சோற்றுத் தூக்கின் முன்னால் அந்த நாய் கொஞ்சம் அதிக நேரம் நின்றது. அதைத் தவிர வண்டிப் பயணத்தில் சொல்ல ஒன்றுமில்லை, ம்டிட்டோ அண்டேய் ஸ்டேஷன் தாண்டும் வரை. அதற்கு மேல் மண் நிறம் மாறியது. ரத்தச் சிவப்பு. அங்கங்கே ஆள் உயரத்துக்குக் கறையான் புற்று, அதுவும் சிவப்பு. பார்த்துக்கொண்டே வந்தேன், ஒரு புற்று நடந்தது. அவரை உலுக்கினேன். அவர் திரும்புவதற்குள் ரயில் போய்விட்டது.

சாவோ யானை சிவப்பாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தோல் என்னவோ மற்ற யானைகளைப் போலச் சாம்பல்தான். இரும்புச் சத்துள்ள அந்த மண்ணை அள்ளி அள்ளி மேலே போட்டுக்கொள்வதால் அந்த நிறம்.

வோயில் டிரைவர் அண்ணன் காத்திருந்தார். தைத்தா இனத்தவர், ஐம்பது வயதிருக்கும். கேட்டில் பையைத் திறந்து பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒருமுறை உபயோகித்து எறிகிற பிளாஸ்டிக்குக்கு 2020லிருந்து பூங்காவுக்குள் தடை. போகிறவர்கள் எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். கேட்டருகே வண்டிக் கதவைத் திறந்து வைக்காதீர்கள், பபூன் குரங்கு காத்திருக்கிறது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு வீட்டுக்காரருடைய சிங்கத்துக்காகக் கிளம்பினோம். நாலு மணி நேரம் சுற்றினோம். பின்னங்காலில் நிமிர்ந்து நின்று மரத்து இலையைத் தின்கிற கழுத்து நீண்ட மான் பார்த்தோம். சுவாஹிலியில் அதற்கு ஸ்வாலா ட்விகா, ஒட்டகச்சிவிங்கி மான் என்று பொருள். நம் ஊர்ப் பனங்காடையின் சொந்தக்காரப் பறவை ஒன்று, நெஞ்சில் கத்தரிப்பூ நிறத்தோடு, மரத்துக்கு மரம் உட்கார்ந்திருந்தது. சிங்கம் இல்லை. அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. "அந்தப் பக்கம் போகலாமா, இந்தப் பக்கம் போகலாமா" என்று டிரைவர் அண்ணனைப் பிடுங்கினார். எனக்குத் தலை வலித்தது. "முடான்டா போங்கண்ணே" என்றேன் ஆங்கிலத்தில். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விடுவதன் அர்த்தம் எனக்குத் தெரியும்.

பாறை மேல் ஏறி உட்கார்ந்தோம். கீழே பள்ளத்தில் தண்ணீர் பாதிக்கும் குறைவாக இருந்தது. பதினொன்றரைக்கு முதல் கூட்டம் வந்தது. கிழப் பிடி ஒன்று முன்னால் வந்து நின்று, தும்பிக்கையைத் தூக்கி நாங்கள் இருந்த பக்கம் மோந்தது. பின்னால் வந்த அத்தனையும் அது முடிவு சொல்லும்வரை நின்றன. அது காலை எடுத்து வைத்த பிறகுதான் குட்டிகள் ஓடி வந்தன. தண்ணீருக்குள் இறங்கியதும் சிவப்பெல்லாம் கரைந்து கறுப்பாயின, கரையேறியதும் மறுபடி மண்ணை வாரிப் பூசிக்கொண்டன. அது போக அடுத்த கூட்டம். நான் எண்ணினேன், பழக்கதோஷம். இரண்டு மணிக்குள் 43.

நான் கூடலூர் பக்கம் டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) லைன் வீட்டில் பிறந்தவள். தாத்தா பாட்டி இலங்கைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். எங்களுக்கு யானை என்றால் ராத்திரி. பலாப்பழ சீசனில் யாராவது "ஆனை!" என்று கத்துவார்கள், எல்லா வீட்டிலும் தகரத்தைத் தட்டுவார்கள். அப்பா ஓடி விழுந்து முட்டி உடைந்தது அப்படி ஒரு ராத்திரியில்தான். எதிர் லைன் தாத்தா விடிகாலையில் வெளியே போனவர் திரும்பவில்லை. ஆனைமலை ஐயா, யானை எனக்குத் தெரியும்தான். ஆனால் பகலில், அது பயப்படாமல், நானும் பயப்படாமல், இத்தனை நேரம் பார்த்தது முப்பத்தெட்டு வயதில் அன்றுதான்.

அவர் பாதி நேரம் யானையையும் பாதி நேரம் என்னையும் பார்த்துக்கொண்டிருந்தார் போல. திடீரென்று, "ஸ்கூலை விட்டுட்டு வந்ததுக்கு எம்மேல கோபமா?" என்று கேட்டார். எட்டு மாதத்தில் ஒரு தடவையும் கேட்டதில்லை. ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு நிறையப் பேசினோம், அதெல்லாம் எங்களுக்குள். மூன்று பேரும் சிங்கத்தை மறந்துவிட்டோம்.

திரும்பும்போது டிரைவர் அண்ணனிடம் எங்கள் ஊர்க் கதையைச் சொன்னேன். வண்டியை மெதுவாக ஓரம் கட்டிவிட்டு, "நீங்கள் எதைத் தட்டுவீர்கள்?" என்று கேட்டார். தகரம் என்று சொல்ல ஆங்கிலம் வராமல், வண்டி மேல் தட்டிக் காட்டினேன். "மபாட்டி!" என்றார். கூரைத் தகரத்துக்கு அவர்கள் சொல்கிற பேர். அவருடைய ஊர் சகல்லா மலையடிவாரம், காட்டின் எல்லையில். டிசம்பர், ஜனவரியில் சோளக்கதிர் முற்றும்போது எழுபது வயது அம்மா ராத்திரி முழுக்க மபாட்டியைத் தட்டிக்கொண்டு வயலில் உட்கார்ந்திருப்பாராம். பக்கத்து வயல்காரர்கள் தேனீக்கூட்டு வேலி போட்டிருக்கிறார்கள். பத்து மீட்டருக்கு ஒரு கூடு தொங்கும், எல்லாவற்றையும் ஒரே கம்பியால் இணைத்திருப்பார்கள். யானை கம்பியில் இடித்தால் கூடுகள் ஆடும், தேனீ கிளம்பும், யானை ஓடும். வருஷத்துக்கு வருஷம் தேனும் விற்கலாம். அம்மா வயலுக்கு இன்னும் போடவில்லை, முறை வரவில்லை என்றார்.

அன்று நான் எண்ணிய 43ல் எது அந்த அம்மாவின் சோளத்தைத் தின்றதோ. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் "எவ்வளவு அழகு" என்று சொல்லிவிட்டு வர என்னால் முடியவில்லை. அழகு இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அவை அவ்வளவு அழகு.

செங்காந்தள் · பிப்ரவரி 20

இரண்டு தடவை படித்தேன். மாரா போகச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன், உங்களுக்கு மட்டும். நானும் முதல் ஒரு வருஷம் அந்தப் பால்கனியில்தான் நின்றேன். அவர் கேட்டாரே, அதுவே பெரிசு. என் வீட்டில் கேட்க நாலு வருஷம் ஆனது. அது சரி, சிங்கம் கடைசி வரை இல்லையா?

கூடலூர்க்காரி · பிப்ரவரி 21

கண்ணில் படவில்லை. ஆனால் இரண்டாம் ராத்திரி இரண்டு மணி இருக்கும், கீழே எங்கேயோ இருட்டுக்குள்ளிருந்து கேட்டது. நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்குகிற சத்தம். அவர் போர்வையோடு எழுந்து பால்கனியில் போய் உட்கார்ந்தவர் விடிகிற வரைக்கும் வரவில்லை. நானும் போய் உட்கார்ந்தேன். பாலம் கட்டினவர்கள் இந்தச் சத்தத்தை வெறும் துணிக் கூடாரத்துக்குள் படுத்துக் கேட்டிருப்பார்கள் என்றார்.

பூநகரியான் · பிப்ரவரி 21

தங்கச்சி, உங்கட அப்பப்பாவும் அப்பம்மாவும் இலங்கையில எந்தப் பக்கம்? எங்கட வன்னியிலயும் இதே கதைதான், யானை வந்தால் வெடி கொளுத்துவினம். தேனீ வேலி இலங்கையிலயும் வஸ்கமுவ பக்கம் போட்டுப் பாத்திருக்கினம்.

கூடலூர்க்காரி · பிப்ரவரி 22

அட்டன் பக்கம் என்று பாட்டி சொல்வார். தோட்டத்துப் பேர் எனக்குத் தெரியாது, கேட்டு வைக்காமல் விட்டுவிட்டேன்.

அப்பாவிடம் தேனீ வேலியைப் பற்றிப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எந்தத் தேனீ? மலைத்தேனீயா, பொந்துத்தேனீயா?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை. யாருக்காவது தெரியுமா?

ஆனைமலை · பிப்ரவரி 22

அப்பா சரியான கேள்வி கேட்டிருக்கிறார். அங்கே இருப்பது ஆப்பிரிக்கத் தேனீ, முரட்டு இனம், கூட்டமாகத் துரத்தும். யானையின் கண்ணோரத்திலும் தும்பிக்கைக்குள்ளும் கொட்டும். நம் ஊரில் பெட்டியில் வளர்ப்பது பொந்துத்தேனீ, சாது. மலைத்தேனீ முரடு, ஆனால் பெட்டிக்குள் நிற்காது. அதனால் அங்கே கிடைத்த பலன் இங்கே அப்படியே கிடைக்கும் என்று நம்பிச் செலவு செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். கர்நாடகத்தில் குடகுப் பக்கம் 2021ல் காதி கமிஷன் தேன்பெட்டி வரிசை வைத்துத் தொடங்கியிருக்கிறது. கூடலூரிலிருந்து குடகு தூரமில்லை, அப்பா நேரில் போய்ப் பார்ப்பது நல்லது. இன்னொன்று, வறட்சி வந்தால் தேனீ கூட்டை விட்டுப் போய்விடும். வேலி தேவைப்படுகிற நேரத்தில் கூடு காலியாக இருக்கும். 2022 வறட்சியில் பிப்ரவரியிலிருந்து அக்டோபருக்குள் கென்யாவில் 205 யானைகள் செத்தன. சகல்லாக்காரர்களுக்கும் அது கெட்ட வருஷமாகத்தான் இருந்திருக்கும்.

கடலோடி · மார்ச் 30

தங்கச்சி, மொம்பாசாவுல நேத்து ராத்திரி மழை பிடிச்சிருச்சு. வோய் பக்கமும் மேகம் கட்டியிருக்குன்னு லாரிக்காரங்க சொல்றாங்க. உங்க ஞாபகம் வந்துச்சு.

கூடலூர்க்காரி · ஏப்ரல் 2

நன்றி அண்ணா. அங்கேயும் பெய்துவிட்டதாம். நேற்று டிரைவர் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். அம்மா வயலில் நின்று சோளம் ஊன்றுகிறார், பின்னால் வேலியோரம் புதுத் தகரம் இரண்டு சாய்த்து வைத்திருக்கிறது. அப்பாவுக்கு அனுப்பினேன். தகரத்தைக் கீழே வைக்கக் கூடாது, கட்டித் தொங்கவிட்டால்தான் சத்தம் தூரம் போகும் என்று சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

என் அட்டை வந்துவிட்டது. ஆகஸ்டில் இவருக்கு நாலு நாள் லீவு இருக்கிறது, மறுபடியும் வோய்க்குத்தான் டிக்கெட் பார்க்கிறார்.